பெஞ்சைத் திருப்பிப் போட்ட ஊர்

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சு. ஊருக்குள்ள ஏரி இல்லடா, ஏரிக்குள்ள ஊரு. அவ்வளவு பெரிய ஏரி. தீவு தீவா, திட்டு திட்டா, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி. எங்கன்னா, நம்ம திருவாரூர்லேருந்து வடக்க, வடக்க, வடக்கன்னு போயிட்டே இருந்தா, இமயமலையெல்லாம் தாண்டி, பின்லாந்துன்னு ஒரு குளிர் தேசம். அங்க.

ம் கொட்டு. ம் கொட்டலைன்னா பெரியம்மாவுக்குக் கதை வராது, கொட்டாவிதான் வரும்.

"ம்."

ஆங். கதவுப் பக்கம் திரும்பாத, சேந்தா. அம்மாவும் தங்கச்சிப் பாப்பாவும் உள்ள தூங்கறாங்க. காலையிலேருந்து அந்தக் கதவிடுக்குல நீ கண்ணை வெச்சு வெச்சு எடுத்ததுல கதவே தேஞ்சு போச்சு. போதும். இந்தப் பக்கம் திரும்பு, கதை இந்தப் பக்கம்தான் இருக்கு.

அந்த ஏரியில ஒரு கடல்நாய் இருந்தா. பேரு வளையம்மா. நாய்னதும் வள்வள்னு குலைக்கும்னு நெனைக்காத. கடல்நாய்னா உருண்டையா, வழவழன்னு, பூசணிக்காய்க்கு மீசை மொளைச்ச மாதிரி இருக்கும். காலு கிடையாது, துடுப்புதான். ஆனா துடுப்பு நுனியில நகம் இருக்கு பாரு, அது இரும்பு. முதுகு பூரா வெள்ளை வெள்ளையா வளையம். அதனாலதான் வளையம்மான்னு நான் பேரு வெச்சேன். அவங்க ஊர்ல என்ன பேரோ, எனக்கென்ன, கதை என்னுது.

"கடல்நாய் ஏன் ஏரியில இருக்கு?"

கேப்பேன்னு தெரியும். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி அந்தத் தேசம் பூரா மலை உசரத்துக்கு ஐஸ் மூடிக் கெடந்துச்சு. அப்புறம் ஐஸ் கரைஞ்சுது. அப்போ கடல்தண்ணி உள்ள வந்துச்சு, தண்ணியோட வளையம்மாவோட பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டியும் நீந்தி உள்ள வந்துட்டா. அத்தனை காலமா ஐஸ் பாரத்துல அமுங்கிக் கெடந்த பூமி, பாரம் இறங்கினதும் மெல்ல மெல்ல மேல எழும்பிச்சு. எழும்பி எழும்பி, கடலுக்குப் போற வழியையே அடைச்சிடுச்சு. உள்ள இருந்தவங்க உள்ளயே. போனா போகுதுன்னு அவங்களும் உப்பை மறந்துட்டு நல்ல தண்ணிக்குப் பழகிட்டாங்க.

அதனால அந்த ஏரிக் கடல்நாய் உலகத்துலயே அந்த ஒரு ஏரியில மட்டும்தான். அமெரிக்காவுல தேடு, கிடையாது. ஜப்பான்ல தேடு, கிடையாது. கடல்லயே போய்த் தேடு, அங்க வேற வேற கடல்நாய் இருக்கும், இவங்க கிடையாது. அங்க இல்லைன்னா எங்கயும் இல்ல. புரியுதா?

"ம்."

வளையம்மாவுக்கு அந்த வருஷம் வயித்துல குட்டி. தலைச்சன். நம்ம ஊர்ல தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவோம் இல்ல? உங்கம்மா ரெண்டாவதுக்கும் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டா, அது வேற விஷயம். அதே மாதிரி வளையம்மாவும், தான் பொறந்த தீவுக் கரைக்கே போனா. அவங்க வழக்கம் அது. மார்கழி, தை எல்லாம் போய் மாசி பொறக்கறப்போ அங்க ஏரி மேல ஐஸ் மூடிடும், மனுஷங்க மேல நடக்கலாம், காரே ஓட்டலாம். கரையோரத்துல காத்து பனியை அடிச்சு அடிச்சு மேடு மேடாக் குவிச்சு வைக்கும். அந்தப் பனிமேட்டுக்கு அடியில, ஐஸ்ல ஓட்டை போட்டு, கீழேருந்து மேல குடைஞ்சு, சின்னதா ஒரு வீடு கட்டி, அதுக்குள்ளதான் குட்டி போடுவாங்க. வெளியிலேருந்து பாத்தா வீடு இருக்கறதே தெரியாது. வாசல் தண்ணிக்குள்ள இல்ல இருக்கு!

வளையம்மாவோட அம்மா அவளுக்கு மூணு விஷயம் சொல்லி வளத்திருந்தா. ஒண்ணு, பனி மேல பெத்துக்காத, பனிக்குள்ள பெத்துக்கோ. ரெண்டு, ஒரே வாசல் வெச்ச வீடு வீடில்ல, எலிப்பொறி. மூணு, குட்டி தானா நீந்தற வரைக்கும் யாரு கண்ணுலயும் காட்டாத.

அப்புறம் வளையம்மா தீவுக்கு வந்து, ஐஸ்ல தான் போட்ட மூச்சு ஓட்டை வழியாத் தலையைத் தூக்கிப் பாத்தா. புஸ்ஸ்!

பாத்தா, பனியே இல்ல.

அந்த வருஷம் வானம் ஏமாத்திடுச்சு. ஏரி மட்டும் உறைஞ்சு கெடக்கு. கரையில பாறை மொட்டை மொட்டையா நிக்குது. பனி எங்கன்னா, இட்லித் துணியில ஒட்டின மாவு மாதிரி அங்கங்க கொஞ்சம். வளையம்மா கரை பூரா ஒரு தடவை பாத்தா, இன்னொரு தடவை பாத்தா. உள்ள குட்டி வேற ஒரு உதை விட்டுச்சு, டொக்.

"இருடா கண்ணு, அம்மா வீடு தேடறேன்"னு சொன்னா.

தேடினா. தீவு பூரா சுத்தினா. ஒரு பாறைக்குப் பின்னாடி முழங்கால் உசரத்துக்குக் கொஞ்சம் பனி ஒதுங்கிக் கெடந்துச்சு. இருக்கறதை வெச்சு செய்வோம்னு கீழேருந்து நகத்தால தோண்டினா, பற பற பற. ரெண்டு தோண்டு தோண்டினா கூரை பிச்சுக்கிச்சு, பொத்! மேல பாத்தா ஆகாசம் தெரியுது. ஆகாசத்தை மறைச்சுக்கிட்டு ஒரு மூஞ்சி தெரியுது. செவப்பு மூஞ்சி, ரெண்டு காது, நீள மூக்கு.

யாரு?

"நரி!"

நரியேதான். நாக்கைச் சுழட்டிக்கிட்டு, "என்ன வளையம்மா, வீடு கட்டறியா? கட்டு, கட்டு. கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிடு"ன்னுச்சு.

வளையம்மா தொபுக்குன்னு தண்ணிக்குள்ள போயிட்டா. பெரிய கடல்நாயை நரியால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பொறந்த குட்டி இருக்கே, அது பூனைக்குட்டி கணக்கா பஞ்சு மாதிரி இருக்கும், ஓடத் தெரியாது, நீந்த இன்னும் பழகியிருக்காது. வெட்டவெளியில பொறந்தா நரிக்குக் காலைப் பலகாரம். அது தெரிஞ்சுதான் நரி அந்தத் தீவை விட்டு நகரவே இல்ல.

பயப்படாத. கையைக் குடு. பெரியம்மா சொல்ற கதையில குட்டிக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்காக வளையம்மாவுக்குப் பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரொம்பப் பயந்தா.

தீவுக்கு எதுத்தாப்புல கரையில ஒரு சின்ன ஊரு. அங்க ஒரு பொம்பளை. பேரு ஹில்க்கா.

"ஹிக்கா?"

ஹில்க்கா. விக்கல் வந்த மாதிரிதான் இருக்கு, சிரிக்காத. அவங்களுக்கு உன் பேரு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு. ஹில்க்கா ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவ. நல்ல உசரம், நல்ல குரலு, வாயைத் திறந்தா அக்கரைக்குக் கேக்கும். அவ தினமும் மீன் பிடிக்க உக்காரற எடத்துலேருந்து வளையம்மாவோட மூச்சு ஓட்டை தெரியும். அவளுக்கு வளையம்மாவோட அம்மாவையே தெரியும். அவ புருஷன் ஒலாவி, சாது. அவருக்கு ரெண்டே ஆசை, காபியும் போட்டோவும்.

ஹில்க்கா மொட்டைப் பாறையைப் பாத்தா. இடிஞ்சு கெடந்த பனியைப் பாத்தா. சுத்திலும் நரி காலடி. அப்போ அவளுக்கு விஷயம் புரிஞ்சு போச்சு.

"ஒலாவி, வளையம்மாவுக்கு வீடு இல்ல"ன்னா.

"அதுக்கு நாம என்ன பண்றது? பனியை நாமளா பெய்ய வைக்கறது?"

"பெய்ய வைக்க வேணாம். குவிக்கலாம் இல்ல?"

பாத்தியா! அப்புறம் ஊரையே கூப்பிட்டா. கூப்பிட்டான்னா, வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டா, அவ்வளவுதான். எல்லாரும் பனி தள்ளுற பெரிய முறத்தை எடுத்துக்கிட்டு வந்தாங்க. முறம்னா நம்ம புடைக்கிற முறம் இல்ல, ஆள் அகலத்துக்கு இருக்கும், கைப்பிடி வெச்சிருக்கும், தள்ளிக்கிட்டே போகணும். சரக்க்க், சரக்க்க். தெருவுல, வாசல்ல, பாதை ஓரத்துல கெடந்த பனியையெல்லாம் வழிச்சு, தீவுக் கரையில குவிச்சு, ஒரு வைக்கப்போர் மாதிரி நிறுத்திட்டாங்க.

வளையம்மா வந்து பாத்தா. அவளுக்கு சந்தோஷம் தாங்கல. நேத்திக்கு இல்லாத மேடு இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு! உடனே கீழேருந்து ஆரம்பிச்சா, பற பற பற... கிறீச்! பற பற... கிறீச்! நகம் எதுலயோ உரசுது. என்னன்னு பாத்தா, கல்லு. பனி பூரா பொடிக்கல்லு.

ஏன்னு கேளு.

"ஏன்?"

அந்த ஊர்ல குளிர்காலத்துல தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்கும். விழுந்து இடுப்பு ஒடியக் கூடாதுன்னு பொடிக்கல்லு தூவி வெச்சிருப்பாங்க. தெருப்பனியை வழிச்சப்போ கல்லையும் சேத்து வழிச்சுட்டாங்க! கல்லு சோத்துல இருந்தாலே நமக்குப் பல்லு கூசும், வீட்டுச் சுவத்துல இருந்தா? அதுவும் கறுப்புக் கல்லு, வெயில் பட்டதும் சூடேறி சுத்தி இருக்கற பனியை உருக்கிடுச்சு. மத்தியானம் கூரை அப்படியே உக்காந்துச்சு. பொத பொத பொத! வளையம்மா முதுகுல கல்லு மழை.

நரி தூரத்துல படுத்துக்கிட்டு, "ரெண்டாவது வீடும் போச்சா"ன்னு கொட்டாவி விட்டுச்சு.

மறுநாள் ஹில்க்கா வந்து பாத்தா. இடிஞ்ச பனியில நகக்கீறல், நகக்கீறல் நடுவுல பொடிக்கல்லு. கல்லைக் கையில எடுத்துப் பாத்தா. தலையிலயே அடிச்சுக்கிட்டா, "நான் ஒரு மடச்சி! அவளுக்கு வீடு குடுக்கறேன்னு தெருக் குப்பையைக் குடுத்திருக்கேனே." அவளுக்கு நெசமாவே அழுகை வந்துடுச்சு. அந்தக் குளிர்ல அழுதா கண்ணீர் கன்னத்துலயே உறைஞ்சுடும், அதனால சட்டுன்னு நிறுத்திட்டா.

"ம்."

அப்புறம் சுத்தமான பனியாத் தேடினாங்க. ஏரி நடுவுல ஐஸ் மேல மெலிசா ஒரு படலம் பனி இருக்கும், மனுஷன் கால் படாதது. அதை எட்டின வரைக்கும் சுரண்டி சுரண்டிச் சேத்தாங்க. வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. எங்க குவிக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. அப்போ ஒலாவி சொன்னார், "நம்ம படித்துறைகிட்டயே குவிப்போம். அங்கதான் நம்ம பெஞ்சு இருக்கு. உக்காந்த எடத்துலேருந்து குட்டியைப் பாக்கலாம்."

எல்லாருக்கும் அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நல்லது செய்யறோம், கொஞ்சம் பாத்துக்கிட்டா என்ன? மனுஷ புத்தி. படித்துறை பக்கத்துலயே அருமையா ஒரு மேடு கட்டினாங்க. கட்டிட்டு சும்மா இருந்தாங்களா? பெஞ்சுல வரிசையா உக்காந்துட்டாங்க. ஒலாவி காமிராவை மடியில வெச்சுக்கிட்டார். அந்த ஊர்க்காரங்க காபிப் பைத்தியம். நம்ம தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஆளாளுக்கு பிளாஸ்க். மூடியைத் திறக்கறது டக், ஊத்தறது களக் களக், குடிக்கறது சர்ர்ர்.

வளையம்மாவுக்கு அந்த மேடு ஐஸுக்கு அடியிலேருந்தே தெரிஞ்சுது. நிழல் விழும் இல்ல? வந்தா. நல்ல பனி. கல்லு இல்ல. குட்டி உள்ள ரெண்டு உதை உதைச்சுது, டொக் டொக். நேரமாச்சு அம்மா, நேரமாச்சு. மெதுவா மூக்கை நுழைச்சு ஒரே ஒரு மூச்சு விட்டா. புஸ்.

பெஞ்சுல இருந்தவங்க அத்தனை பேரும் எந்திரிச்சுட்டாங்க. "அதோ! அதோ! வந்துட்டா!" தடதடன்னு ஐஸ் மேல ஓட்டம். ஒலாவி காமிராவுல பளிச், பளிச்!

ஐஸ் மேல நடந்தா அடியில எப்படிக் கேக்கும் தெரியுமா? தகரக் கொட்டாயில மழை பெய்யற மாதிரி. வளையம்மா நுழைச்ச மூக்கைச் சட்டுன்னு இழுத்துக்கிட்டா. அம்மா சொன்ன மூணாவது பேச்சு ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

அன்னிக்கு முழுக்க உக்காந்திருந்தாங்க. வரல. மறுநாளும் வரல. காபிதான் தீந்துச்சு.

தூங்கிட்டியா?

"இல்ல. வளையம்மா எங்க போனா?"

எங்க போவா? மொட்டைப் பாறைகிட்ட, வெறும் ஐஸ் மேல வந்து படுத்துட்டா. மூணு வீடு பாத்தாச்சு, மூணும் போச்சு. வயிறு கனக்குது. எதுத்தாப்புல நரி உக்காந்து வாலை ஆட்டிக்கிட்டு இருக்கு. இது இப்ப பேசக்கூட இல்ல. பேசற நரியை விட பேசாத நரிக்குத்தான் பயப்படணும். "என் குட்டியை இங்க பெத்தா உலகத்துல ஒண்ணு குறைஞ்சுடுமே"ன்னு வளையம்மா நெனைச்சா. நெனைச்சு அழுதா. கடல்நாய்க்கு அழுதா நெசமாவே கண்ணீர் வரும்.

அங்க கரையில, ஒலாவி மெதுவா ஹில்க்காகிட்ட கேட்டார், "சுத்தமான பனிதானே குடுத்தோம். ஏன் வரல?"

படித்துறை பக்கத்துல அவங்க ஆவிக் குளியல் வீடு இருக்கு. சின்ன மரவீடு. உள்ள கல்லைக் காய வெச்சு, தண்ணி ஊத்தி, புஸ்ஸுன்னு ஆவி பிடிப்பாங்க, அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு உண்டு. ஹில்க்கா அதையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் சொன்னா, "ஒலாவி, நான் பொறந்தது இந்தக் குளியல் வீட்டுக்குள்ளதான். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். இதமா இருக்கும், சுத்தமா இருக்கும். எங்கம்மா வலியில கெடந்தப்போ எங்கப்பாவையே உள்ள விடலையாம். ஊர்க்காரங்க வரிசையா நின்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கிட்டே காபி குடிச்சிருந்தா, எங்கம்மா என்னைப் பெத்திருப்பாளா?"

ஒலாவிக்கு மூஞ்சி செவந்து போச்சு. காமிராவைப் பையில போட்டு ஜிப்பை இழுத்துட்டார்.

அப்போ ஹில்க்கா ஊரைக் கூப்பிட்டா. இந்தத் தடவை கத்தல. வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டி, காதுக்குள்ள சொன்னா. எல்லாரும் முறத்தை எடுத்துக்கிட்டு, படித்துறையில குவிச்ச பனியைப் பிரிச்சு, ஐஸ் மேலயே தீவைச் சுத்திக்கிட்டு, அதோட அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. ஊரிலேருந்து பாத்தா தெரியாத பக்கம். வெயில் படாத பக்கம். நரி வளையம்மாவையே பாத்துக்கிட்டு இந்தப் பக்கம் உக்காந்திருந்துச்சா, அதுக்கு அந்தப் பக்கம் நடக்கறது தெரியல. பேச்சில்லை, சிரிப்பில்லை. சரக்க், சரக்க், சரக்க். குவிச்சாங்க. தட்டி வெச்சாங்க. ஒருத்தரும் நிக்கல. வந்த வழியே திரும்பி, பின்னாடி ஒரு தடவைகூடப் பாக்காம நடந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் ஹில்க்கா என்ன பண்ணினா தெரியுமா? படித்துறையில ஏரியைப் பாத்துக் கெடந்த பெஞ்சை ஒரு முனையில பிடிச்சா, ஒலாவி மறுமுனையில பிடிச்சார். தூக்கினாங்க. திருப்பிப் போட்டாங்க. ஏரிக்கு முதுகு, ஊருக்கு மூஞ்சி. "குட்டியை அவளாக் காட்டற வரைக்கும் இது இப்படித்தான் கெடக்கும்"னுட்டா. ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும் இல்ல?

"ம்."

அந்த சரக் சரக் சத்தம் வளையம்மாவுக்குக் கேட்டுச்சு. காதைக் குடுத்தா. நடக்கற சத்தம், தடக் தடக். வந்துடுவாங்களோ? இல்ல. போகுது. தூரமாப் போகுது. இன்னும் தூரமா. நின்னு போச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. காத்து மட்டும்.

ஒரு ராத்திரி போச்சு. நல்ல குளிர். குவிச்ச பனி சுவர் மாதிரி இறுகிப் போச்சு. விடிஞ்சதும் வளையம்மா ஐஸுக்கு அடியில, சத்தமில்லாம, தீவைச் சுத்தி அந்தப் பக்கம் போனா. மேல பெரிய நிழல். நகத்தை வெச்சா. பற. கல்லு இல்ல. பற பற. கூரை இடியல. பற பற பற பற! ஒரு குழந்தை மாதிரி சந்தோஷமாத் தோண்டினா. உடம்பு கொள்ற அளவுக்கு ஒரு அறை. அம்மா பேச்சு ஞாபகம் இருக்கு இல்ல? ஒரே வாசல் எலிப்பொறி. அதனால வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டு, மேட்டோட மறுகோடியில இன்னொரு அறையும் தோண்டினா.

அன்னிக்கு சாயங்காலம் குட்டி பொறந்துச்சு. சாம்பல் நெறம், பஞ்சு மயிர், ரெண்டு பெரிய கண்ணு. பொறந்ததும் முதல் வேலையாத் தும்முச்சு. இச்சு!

"இச்சு!"

ஆமா, அப்படித்தான். வளையம்மா அதை மூக்கால தடவித் தடவிப் பாத்தா. அவளுக்கு உலகமே அந்த அறைக்குள்ள இருக்கற மாதிரி இருந்துச்சு.

அப்போ நரி? அது பாறைகிட்ட உக்காந்து உக்காந்து பாத்துச்சு. வளையம்மாவைக் காணோம். மூக்கைத் தூக்கிக்கிட்டுத் தீவு பூரா மோந்துச்சு. நாளாச்சு, ஆனா விடல. ஒருநாள் அந்தப் பனிமேட்டைக் கண்டுபிடிச்சிடுச்சு. மோந்துச்சு, ம்ஃப் ம்ஃப். "அட, கடைசியில வீடு கட்டிட்டாளே!" சர்ர் சர்ர்னு மேலேருந்து தோண்ட ஆரம்பிச்சுது.

உள்ள வளையம்மாவுக்குக் கேக்குது. பனிப்பொடி தலையில விழுது. குட்டியைப் பாத்து, "கண்ணு, தண்ணிக்குள்ள இறங்கு"ன்னா.

"மாட்டேன், குளிரும்"னுச்சு குட்டி. சோம்பேறி. உன்னை மாதிரி, குளிக்கக் கூப்பிட்டா வராது.

சர்ர் சர்ர்.

"இறங்குடா கண்ணு, அம்மா கூட வரேன்."

"மாட்டேன், இருட்டா இருக்கு."

சர்ர் சர்ர்! நரியோட நகம் தெரியுது.

"சரி, நீ இறங்க வேணாம். மூச்சைப் பிடி. அது மட்டும் போதும்."

குட்டி மூச்சைப் பிடிச்சுது. பிடிச்ச அடுத்த நொடி வளையம்மா அதைக் கவ்வி, ப்ளொக்! தண்ணிக்குள்ள. குட்டி ரெண்டு துடுப்பையும் படபடன்னு அடிச்சுது. அடிச்சா... நீந்துது! அட, நீந்துது! அதுக்கே ஆச்சரியம். அந்தக் கோடியில இருந்த ரெண்டாவது அறைக்குள்ள போய் ஏறி உக்காந்து, "அம்மா, இன்னொரு தடவை!"ன்னுச்சு.

இங்க நரி கூரையை உடைச்சு, தலையை உள்ள விட்டு, பல்லைக் காட்டிக்கிட்டுத் தேடுது. குட்டி எங்க? அறை காலி. நடுவுல தண்ணி ஓட்டை மட்டும். இன்னும் கொஞ்சம் குனிஞ்சு ஓட்டைக்குள்ள எட்டிப் பாத்துச்சு.

எட்டிப் பாக்கலாமா? கூடாது இல்ல?

அந்த ஓட்டைக்குள்ளேருந்து வளையம்மா வந்தா பாரு, பூசணிக்காய் பீரங்கியிலேருந்து வந்த மாதிரி! புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்! மூக்குக்கு நேரா மூக்கு. துடுப்பால தண்ணியை ஓங்கி ஒரே அறை, பளார்! நரிக்கு மூஞ்சி, காது, கழுத்து எல்லாம் ஐஸ் தண்ணி. "ஐயோ அம்மா!"ன்னு பின்னாடியே கரணம் போட்டு எந்திரிச்சு ஓடுச்சு. ஓட ஓட அந்தத் தண்ணி மூஞ்சியிலயே உறைஞ்சு போச்சு. மீசை பூரா ஐஸ் குச்சி. ஓடறப்போ கிலுங் கிலுங்னு சத்தம்.

அங்க ஹில்க்கா பெஞ்சுல ஏரிக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கா. பின்னாடி நரி கத்தறது கேக்குது. பாக்கணும்னு உயிர் துடிக்குது. கழுத்து தானாத் திரும்புது. ரெண்டு கையாலயும் தன் தலையைத் தானே பிடிச்சுக்கிட்டா. "திரும்ப மாட்டேன். சொன்னா சொன்னதுதான்." அவளுக்கு அந்த நிமிஷம் எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும்.

அப்போ கிலுங் கிலுங்னு ஒரு சத்தம். அவளைத் தாண்டி, அவ கண்ணுக்கு முன்னாடியே, ஐஸ் மீசையோட நரி ஊருக்குள்ள ஓடுது. வாய் காலி. பல்லு மட்டும் கட கடன்னு ஆடுது. அதைப் பாத்ததும் ஹில்க்காவுக்கு எல்லாம் வெளங்கிடுச்சு. திரும்பாமலே தெரிஞ்சு போச்சு, ஜெயிச்சது யாருன்னு. அவ சிரிச்ச சிரிப்புல பெஞ்சே ஆடுச்சு.

"நரி திரும்பி வந்துச்சா?"

வருமா? இன்னைக்கும் அதுக்குப் பூசணிக்காயைப் பாத்தா தும்மல் வருமாம்.

அப்புறம் மாசி போச்சு, பங்குனி போச்சு. டமார்! கிறீச்ச்ச்! ஏரி ஐஸ் வெடிச்சு உருகி ஓடுச்சு. தண்ணி நீலமாச்சு. ஒருநாள் காலையில ஹில்க்கா பெஞ்சுல உக்காந்திருக்கா, இன்னும் முதுகைக் காட்டித்தான். பின்னாடி தண்ணியில ஒரு சத்தம். புஸ்.

அவ அசையல.

கூடவே சின்னதா இன்னொண்ணு. இச்சு!

ஹில்க்கா மெல்ல எந்திரிச்சா. ஒலாவியைக் கூப்பிட்டா. ரெண்டு பேரும் பெஞ்சைத் தூக்கித் திருப்பிப் போட்டாங்க. அதைப் பாத்ததும் ஊரே சத்தமில்லாம ஓடி வந்துச்சு. உக்காந்தாங்க. அப்புறம்தான் நிமிந்து பாத்தாங்க.

படித்துறைக்கு எதுத்த பாறை மேல வெயில் காஞ்சுக்கிட்டு வளையம்மா படுத்திருக்கா. பக்கத்துல வயிறு உப்பின குட்டி. முதுகுல இப்பதான் அரும்பு விட்ட மாதிரி வளையம் வருது. வேற எத்தனையோ பாறை இருக்கு அந்த ஏரியில. அவ இந்தப் பாறைக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கா.

எல்லாருக்கும் கத்தணும் போல இருக்கு. கத்தினா பயந்துடுமே! என்ன பண்றது? தொப்பியைக் கழட்டி மேல வீசினாங்க, சத்தமில்லாம. கையைத் தட்டினாங்க, தட்டாம. ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டுக் குதிச்சாங்க, காலு தரையில படாத மாதிரி. ஹில்க்காவுக்கு மட்டும் அடக்கவே முடியல, அந்தக் குரலு! கையுறையைச் சுருட்டி வாயில வெச்சுக்கிட்டா. வெச்சுக்கிட்டு ஆடினா பாரு ஒரு ஆட்டம். ஒலாவி காமிராவை எடுக்கவே இல்ல, ரெண்டு கையாலயும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே இருந்தார்.

அன்னிக்கு உலகத்துல ஒண்ணு கூடிச்சு. அவங்க குவிச்ச பனியில கூடிச்சு.

அப்புறமா என்ன தெரியுமா? கோடையில ஹில்க்கா ஆவிக் குளியல் முடிச்சு, படித்துறையில இறங்கி ஏரியில முங்கினா, பக்கத்துல ரெண்டு மொட்டைத் தலை தண்ணிக்கு மேல வந்து, மீசையை ஆட்டிக்கிட்டுக் கண்ணு கொட்டாமப் பாக்குமாம். "போங்கடீ, எட்டிப் பாக்காதீங்க!"ன்னு அவ தண்ணியை வாரி இறைப்பாளாம். அதுங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

சேந்தா... கண்ணு சொருகுதா? கேளு, உள்ள சத்தம் கேக்குதா? இச்சுன்னு? அது உன் தங்கச்சி தும்மறா. எந்திரிக்காத. அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. நாளைக்குக் காலையில பாப்பாவைக் குளிப்பாட்டினதும், முதல்ல உன் மடியிலதான் குடுப்பாளாம். எனக்குக் கூட அப்புறம்தானாம், கேட்டியா அநியாயத்தை.

சரி. கதை கரை ஏறிடுச்சு. நீ தூக்கத்துல இறங்கு.

"ம்..."